தாய் இல்லாத நேரத்தில் ஊற்றிய தண்ணீர்

என் பிலோமினா அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது. எல்லோரும் உங்களை நினைத்து அழுகிறார்கள். எனக்கும் அழுகை வருகிறது, ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது.

மலாயாவில் குண்டு விழத் தொடங்கியதும் மூன்று வயதுத் தெய்வானையோடு கப்பலேறி வந்து, கொழும்பில் கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபத்தில் பாய் விரித்தவள் நான். வேலையை விடமுடியாமல் அங்கேயே நின்ற என் கணவரிடமிருந்து போர் முடிந்தும் ஒரு செய்தியும் இல்லை. அகதிகளுக்குச் சமைத்த நீங்கள், சைவக்காரருக்கென்று புதுச் சட்டி வாங்கித் தனி அடுப்பில் வைத்தீர்கள். மீன் அகப்பை அதில் படவே விடமாட்டீர்கள்.

"உங்கட சாமி உங்களுக்கு. இஞ்ச சோத்துக்காக ஒருத்தரும் மாறத் தேவையில்லை" என்றீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தானே, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை உங்கள் மடியில் விட்டுவிட்டு விபூதி வாங்க முருகன் கோயிலுக்கு ஓடினேன்?

திரும்பி வந்தபோது அவள் தலைமயிர் ஈரமாக இருந்தது. "காய்ச்சலுக்குத் துடைச்சனான்" என்றீர்கள். பிள்ளை பிழைத்தாள். முருகன்தான் காப்பாற்றினார் என்று நான் கண்டவரிடமெல்லாம் சொன்னபோது சிரித்துக்கொண்டே கேட்டிருந்தீர்கள்.

போன கிழமை உங்கள் தங்கை ஆக்னஸ் வந்தார். "தெய்வானையைக் கோயில்ல புதுநன்மை அப்பம் வாங்க அனுப்பு. சாகக் கிடக்கேக்க அவள் தலையில அக்கா தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தவ. மரியா எண்டு பேரும் வச்சவ. அவள் எங்கட பிள்ளை" என்றார். மாதா கோயில் சுவாமியாருக்கும் தெரியுமாம். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது.

ஏன் அக்கா என்னைக் கேட்கவில்லை? மறுத்திருப்பேன் என்றுதானே? அன்றைக்கு அவள் செத்திருந்தால் உங்கள் மோட்சத்துக்குப் போவாள் என்று நினைத்தீர்கள். ஞானஸ்நானம் பெறாத எனக்கு அங்கே இடமில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். செத்த பிறகும் தாயும் பிள்ளையும் சேராதபடி செய்ய எப்படி மனம் வந்தது? சோற்றுச் சட்டியில் காட்டிய மரியாதையை என் பிள்ளையில் காட்டவில்லையே!

அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தெய்வானைதான், "புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை போடலாமே அம்மா" என்று சிணுங்குகிறாள். வளர்ந்த பிறகு நீயே யோசித்துச் சொல் என்றேன்.

இப்போது களனி கங்கை பெருகி, மண்டபம் மறுபடியும் அகதிகளால் நிறைந்திருக்கிறது. உங்கள் அடுப்பில் நான்தான் சமைக்கிறேன். நேற்று ரோசலின் என்ற உங்கள் வேதக்காரப் பெண், காய்ச்சல் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் பால் தேடிப் போனாள். திடீரென்று பிள்ளைக்குக் கண் செருகியது. என் கை தானாகவே இடுப்பிலிருந்த விபூதி முடிச்சை அவிழ்த்தது.

அப்போது உங்களைப் புரிந்துகொண்டேன் அக்கா. அந்த நேரத்தில் யாரையும் கேட்கத் தோன்றாது. ஆனாலும் நான் முடிச்சைத் திரும்பக் கட்டினேன். உங்களுக்கு ஏன் முடியவில்லை? ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், பிள்ளை கண் திறந்தது.

ரோசலின் வந்து தொட்டுப் பார்த்து, "தலை ஈரமா இருக்கே அக்கா?" என்றாள்.

"காய்ச்சலுக்குத் துடைச்சனான்" என்றேன்.

இனி இந்த மண்டபத்தில் எந்தத் தாய் கேட்டாலும் அந்தச் சொல் உண்மையாகவே இருக்கும். இது உங்கள் அடுப்பின் மேல் சத்தியம்.

கோபம் தீராத உங்கள் தங்கச்சி,
விசாலாட்சி