நெப்ராஸ்காவில் ஒரு கடற்கரை

அன்புள்ள லோரீன் அக்காவுக்கு, தம்பி வெர்னனின் வணக்கம். மூட்டுவலி தேவலையா?

மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அழைத்த செய்தியை உன் மகள் டார்லா சொல்லியிருப்பாள். உண்மையை நான் சொல்கிறேன். என் வீட்டில் தங்கி அவள் விண்ணப்பித்த பதினெட்டுக் கல்லூரிகளும், "எங்களிடம் ஏன் படிக்க வேண்டும்?" என்று தனித்தனியாகக் கட்டுரை கேட்டன. கடலோரக் கல்லூரி ஒன்றுக்கு எழுதியதையே நெப்ராஸ்காக் கல்லூரிக்கும் ஒட்டி அனுப்பப் போனாள்; நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன்.

"நில்லுடி! கடலே இல்லாத நெப்ராஸ்காவுல ஏது கடற்கரை ஆஸ்பத்திரி?"

"ஐயோ மாமா! எட்டாவதே தாண்டாத நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

"அதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்!"

அழைத்தது அந்த நெப்ராஸ்காக் கல்லூரியேதான். பாதிக் கட்டுரை என்னுடையது என்றே வைத்துக்கொள்.

நேற்று நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிவிட்டாள். ஆப்பிள் ஜாம் அனுப்பு. கடிதமும் நீளமாக எழுது. நான் லாரியை எடுக்க நேரமாயிற்று.

டாக்டரின் மாமா,
வெர்னன்