சீப்பை நீட்டி நின்ற பிள்ளை

ஏனுங்க,

நீங்கள் இருந்தவரை உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்றாலும் வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் சபை மாதர் சங்கத்தில் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். பிள்ளை வளர்த்ததில் ஜெபத்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதித் தரும்படி போதகரம்மா என்னிடம் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வேதாகமத்தையும், நீங்கள் படித்து மடித்து வைத்த செய்தித்தாளையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இந்த அளவுக்கு வந்தேன். கட்டுரைக்கெல்லாம் நான் எங்கே போவது? "உங்க ஊட்டுக்காரருக்குச் சொல்றாப்பல எழுதுங்க, அது போதும்" என்றார். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. சாயங்காலம் உங்கள் வார்ப்படக் கம்பெனிச் சங்கு ஊதினால் என் கை இன்னமும் தானாக டீப் பாத்திரத்துக்குத்தான் போகிறது. சிறுவாணித் தண்ணீர்க் குழாயை வீட்டுக்குள்ளேயே இழுத்துக் கொடுத்துவிட்டார்கள். பெரியவன் தானியேல் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறான். காலை பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தால் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்கிறான். கணக்கு நோட்டு எழுதுவதை நான் நிறுத்தவில்லை. உங்கள் பல்பொடிக்கான வரி மட்டும் அதில் இல்லை. ரூபி பிளஸ் டூ வந்துவிட்டாள். அவள் தலைமுடி மறுபடி வளர்ந்து தோளுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அது ஏன் பெரிய செய்தி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு நினைவிருக்கும், நம் வீட்டில் பிள்ளைகளுக்கு எது வேண்டுமென்றாலும் அது அடுப்படி வழியாகத்தான் உங்களிடம் வரும். நீங்கள் ஒரு நாளும் கை ஓங்கியவர் இல்லை. இருந்தாலும் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினால் ரேடியோ சத்தம் தானாகக் குறையும். பந்தயத்துக்கு ஓட கேன்வாஸ் ஷூ வேண்டும் என்று தானியேல் என் பின்னாலேயே சுற்றியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

"அம்மா, அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

"ஏன், நீ கேட்டா அப்பா கடிச்சுப்போடுவாங்களா?"

"கடிக்க மாட்டாங்க. ஆனா பாப்பாங்க."

அந்தப் பார்வைக்குத்தான் பயம். நானும் சரியென்று தூது போவேன். நீங்கள் வந்த கையோடு சொல்ல மாட்டேன். பட்டறைக் கரியெல்லாம் போகக் கழுவி, டீ குடித்து, முகம் கொஞ்சம் இளகிய பிறகுதான் பேச்சை எடுப்பேன். பிள்ளைகள் சொன்னதை அப்படியே கொண்டுவரவும் மாட்டேன். சர்க்கஸுக்குப் போயே தீரவேண்டும் என்று ரூபி புரண்டு அழுதது, உங்களிடம் வரும்போது "பள்ளிக்கூடத்துப் புள்ளைக எல்லாம் போறாங்களாமுங்க" என்று ஆகியிருக்கும். நீங்கள் தலையசைப்பீர்கள். அந்தத் தலையசைப்பை நான் அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இதையெல்லாம் நான் திறமையாகச் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

சாயங்கால ஜெபத்திலும் இதே கதைதான். ஜெபம் பண்ணுவது நீங்கள், ஆமென் சொல்வது நாங்கள். எனக்கு ஏதாவது பாரம் இருந்தால் பாய் விரிக்கும்போதே உங்கள் காதில் போட்டுவிடுவேன். "ஏனுங்க, இன்னிக்கு என்ற தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சேத்திச் சொல்லிப்போடுங்க." நீங்கள் அதை நல்ல வேதாகமத் தமிழில் அழகாக ஆண்டவரிடம் வைப்பீர்கள். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பேன். பிள்ளைகள் என் வழியாக உங்களிடம் வந்தார்கள். நான் உங்கள் வழியாக அவரிடம் போனேன். இரண்டும் ஒரே பாதை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு என் தங்கையின் பிரசவத்துக்காக நான் சத்தியமங்கலம் போனேன். ரூபி அப்போது நாலாம் வகுப்பு. சமையலைத் தானியேலுக்குச் சொல்லிக் கொடுத்தேன், துணிகளை எடுத்து வைத்தேன், எல்லாம் யோசித்தேன். அவள் தலையை மட்டும் மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டியாக வேண்டும்.

நான் திரும்பி வந்த அன்று நீங்கள் டீயைக் கூடத் தொடாமல் அந்தக் கதையைத்தான் சொன்னீர்கள்.

"அம்மணி, நீ போன மறுநா காலைல நான் பேப்பர் படிச்சுட்டு இருக்கறேன். முன்னாடி ஆரோ நிக்கறாப்பல இருக்குது. பாத்தா இவ. ஒரு கைல சீப்பு, ஒரு கைல ரிப்பன். வாயில ஒரு வார்த்தையுமில்ல. சீப்பை மட்டும் இப்படி நீட்டிட்டு நிக்கறா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்றது? பம்புசெட்டுக்கு அச்சுப் பிடிக்கற கைய வெச்சுப் பின்னுனேன். ஒண்ணு காதுக்கு மேல நின்னுது, ஒண்ணு கழுத்துல கெடந்துது."

பக்கத்து வீட்டு ருக்குமணி அக்காவும் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்துகொண்டார். "கோணச் சடையோட போறாளேன்னு நான் கூப்பிட்டேன் அம்மிணி. இங்க வா கண்ணு, அவுத்துக் கட்டி உடறேன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? வேண்டாமுங்க, இது எங்கப்பா போட்டதுங்கன்னு ஓடியே போயிட்டா."

அக்கா போன பிறகு நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "இத்தன வருசத்துல அந்தப் புள்ள எங்கிட்ட வந்து நின்னது அதுதான் மொதல் தடவ."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் குறுக்க நின்னேங்கறீங்களா?"

"குறுக்கன்னு ஆரு சொன்னா? நீ கொண்டாந்ததெல்லாம் எனக்கு வந்துச்சு. அதுக மூஞ்சி மட்டும் வரல."

அதன் பிறகு நான் தூது போகவில்லை. "அப்பாகிட்ட நீயே கேளு" என்று சொல்லிவிடுவேன். அப்புறம் வந்த கேள்விகள் எப்படிப்பட்டவை, ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, நம்ம ஊட்டுக்கு ஒரு கழுதைக்குட்டி வாங்கலாமுங்களா?" என்றாள் ரூபி. நானாக இருந்தால் அடுப்படியிலேயே அதை அடக்கி வைத்திருப்பேன். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கட்டறதுக்கு எடம் வேணுமே கண்ணு" என்று நியாயமாகப் பதில் சொன்னீர்கள். கழுதைக்குட்டி கிடைக்காததில் அவளுக்கு வருத்தமே இல்லை. சில நாள் ஒன்றும் கேட்காமல் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, எழுந்து போவாள். "என்ன வேணுமாம்?" என்று நான் கேட்பேன். "ஒண்ணும் வேண்டாமாம்" என்பீர்கள். உங்கள் முகம் அவ்வளவு நிறைந்திருக்கும்.

ரூபி எட்டாம் வகுப்பில் இருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சு வலி என்று வேலையிலிருந்து வந்து படுத்தவர் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அப்போதும் நான் போதகர் ஐயாவை அழைத்து ஜெபிக்கச் சொன்னேன், சபையில் சொல்லி அனுப்பினேன். என் வாயால் உங்களுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அந்தக் கேள்வி என்னை வெகுநாள் அரித்தது.

உறவெல்லாம் ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் பிள்ளைகள் வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்தார்கள். நான் வேதாகமத்தைத் திறந்தேன், வாசித்தேன், மூடினேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று பேரும் உங்கள் குரலுக்காகக் காத்திருந்தோம். கடைசியில் தானியேல் எழுந்து விளக்கைப் போட்டான். அதோடு நம் வீட்டில் குடும்ப ஜெபம் நின்றுபோனது. போதகர் ஐயா வரும் நாளில் அவர் ஜெபிப்பார், நான் பழையபடி ஆமென் சொல்வேன்.

அடுத்த வருடம் ரூபிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் இறங்கவில்லை. குடல்வரை போய்விட்டது, அடுத்த ஒன்றிரண்டு நாள் எப்படிப் போகிறதென்று பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். போதகர் ஐயாவுக்குச் சொல்லிவிடு என்று தானியேலை எஸ்டிடி பூத்துக்கு விரட்டினேன். அவர் ஊட்டியில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வர இரண்டு நாள் ஆகும் என்று வந்து சொன்னான்.

மத்தியானம் ருக்குமணி அக்கா கஞ்சியோடு வந்தார். ஐயா ஊரில் இல்லையே, யார் ஜெபிப்பது என்று நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், தூக்குப்போசியைக் கீழே வைத்தார்.

"ஏனம்மிணி, உங்க சாமிகிட்டப் பேசறதுக்கு லைசென்ஸ் கீது வாங்கோணுமா? எங்க மாரியாத்தாகிட்ட நாங்க சண்டையே போடுவோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா கிளம்பிய பிறகு ரூபி கண்ணைத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள்.

"அம்மா, ஜெபம் பண்ணுங்க."

"ஐயா வந்துருவாங்க கண்ணு."

"ஐயா வேண்டாமுங்க. நீங்க பண்ணுங்க."

"எனக்கு அப்பாவாட்டம் வராது சாமி. என்ன சொல்றதுன்னே தெரியாது."

உதடு வெடித்துப்போய்க் கிடந்தவள் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "எனக்கு மட்டும் தெரிஞ்சுதுங்களா? சீப்பைத்தான நீட்டுனேன்."

ஏனுங்க, அந்த இடத்தில் எனக்கு நீங்கள் சொன்னது முழுவதும் விளங்கியது. அதுக மூஞ்சி மட்டும் வரல என்றீர்களே. இத்தனை காலம் என் தேவைகளெல்லாம் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன, நீங்கள் ஒழுங்காகத்தான் கொண்டுபோய் வைத்தீர்கள். நான்தான் போகவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "ஏனுங்க ஆண்டவரே" என்று வந்துவிட்டது. ரூபிக்கு அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று நான் நிறுத்தவில்லை. "புள்ளைக்குக் காச்சல் உடவே மாட்டீங்குதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. அவங்கப்பாவையும் கூட்டிட்டீங்க. இவள எனக்கு உட்டுருங்க. எனக்கு இதுக்கு மேல பேசத் தெரியலீங்க." அவ்வளவுதான். ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. ஆமென் அவள்தான் சொன்னாள். நீங்கள் ஜெபித்தால் நான் சொல்வேனே, அதே மாதிரி.

உடனே காய்ச்சல் இறங்கியது என்று எழுத ஆசைதான். ஆனால் உங்களிடம் பொய் சொல்லி ஆகப்போவது என்ன? அன்றும் கொதித்தது, மறுநாளும் கொதித்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், கொஞ்சம் கோபித்தும் கேட்டேன். பிள்ளைகள் புரண்டு அழுததை மழுப்பி உங்களிடம் கொண்டுவந்தேனே, அந்த மழுப்பல் எதுவும் இங்கே இல்லை. அதற்கடுத்த நாள்தான் உடம்பு வேர்த்து, பிள்ளை பசிக்கிறது என்றாள். ஊட்டியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த போதகர் ஐயா ஜெபிக்கலாமா என்றார். "அம்மா பண்ணிட்டாங்கய்யா" என்றாள் ரூபி. அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, "அப்படின்னா நான் ஆமென் சொல்லிட்டுப் போறேன்" என்றார். நல்ல மனிதர்.

காய்ச்சல் போனது, கூடவே தலைமுடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போனது. அதனால்தான் முடி வளர்ந்த செய்தியை முதலிலேயே சொன்னேன்.

உங்களுக்காக நான் கேட்காமல் போனதைப் பற்றி இப்போது பயம் இல்லை. பிள்ளைகள் என் வழியாகக் கேட்டார்கள் என்பதற்காக நீங்கள் எதையாவது குறைத்துக் கொடுத்தீர்களா? ஆண்டவர் மட்டும் அப்படிச் செய்வாரா? உங்களை ஏன் கூப்பிட்டுக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் தெரியாது. அதையும் அவரிடமே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஆனால் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் இல்லை அவர் என்பது தெரிகிறது. கழுதைக்குட்டிக்கும் பேப்பரை மடித்து வைத்த ஒருவரோடு குடும்பம் நடத்தியவள் நான். இதை நம்புவதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

போன வாரம் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரூபி சீப்போடு வந்து நின்றாள். "உனக்குத்தான் நல்லாப் போட வருமே" என்றேன். "வருமுங்க. ஆனா நீங்க போட்டு உடுங்க" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒன்றும் வேண்டாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினாளே, அதுதான். நானும் இப்போது சாயங்காலங்களில் ஆண்டவர் பக்கத்தில் அப்படிப் போய் உட்காரப் பழகியிருக்கிறேன், கேட்க ஒன்றும் இல்லாத நாளிலும்.

கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்காக ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரிகூட இதில் இல்லை. நீங்கள் தேடுவீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன், மறந்துவிடவில்லை. தானியேலின் கல்யாணம், ரூபியின் படிப்பு, என் முழங்கால், எல்லாவற்றையும் நானே போய்ச் சொல்லியாயிற்று. இனிமேலும் நானே போவேன். நாம் மறுபடி பார்க்கும் நாள்வரை இந்த வீட்டுப் பாய் சாயங்காலத்தில் சுருட்டியபடி கிடக்காது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் அம்மணி என்று கூப்பிட்ட,
தானியேலுக்கும் ரூபிக்கும் அம்மா,
உங்கள் வீட்டுக்காரி.