பிரஷாந்தி ஊசி எடுக்கவில்லை

பூம்ப்ளிஸ், பேர்ண், சுவிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்டலினுக்கு,

ஆண்டவர் துணையால் இங்கே எல்லோரும் சுகம். மன்னாரில் மாமியின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? அவவை விட்டுவிட்டு நீ அவசரப்பட்டு வரவேண்டாம்.

மருமகள் றோஷினிக்கு இரத்தம் பட்டதை மகன் தொலைபேசியில் சொல்லியிருப்பான். பதறாதே, வயிற்றுப் பிள்ளை நலம். அவன் அறியாததை நான் எழுதுகிறேன்.

செவ்வாய் காலை, அவன் வேலைக்குப் போனபிறகுதான் மருமகள் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். பத்தாவது வாரம். போன வருடம் ஒன்றை இழந்தவள்; சுவரைப் பிடித்தபடி நின்றாள். நான் நம் மகள் பிரஷாந்திக்குப் போன் எடுத்தேன். தாதிப் படிப்பை விட்டுச் சீன வைத்தியம் படிக்கப் போனாள் என்று ஆறு வருடமாக அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காத நான்தான், அவள் உள்ளே வந்ததும், "ஊசியைக் குத்தி இதை நிப்பாட்டு பிள்ளை" என்று கெஞ்சினேன்.

அவள் ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. றோஷினியின் இரு கை நாடியும் பார்த்தாள். எவ்வளவு, என்ன நிறம், எந்தப் பக்கம் வலி என்று கேட்டாள். பிறகு, "அப்பா, டாக்சிக்குச் சொல்லுங்கோ. முதல்ல ஸ்பிற்றால்" என்றாள். உன் வைத்தியத்தில் மருந்தில்லையோ என்று கத்தினேன். "இருக்கு. ஆனா பிள்ளை கருப்பைக்குள்ளதான் இருக்கோ எண்டு நாடி சொல்லாது, அப்பா" என்றாள்.

ஆஸ்பத்திரியில், ஸ்கானில் பிள்ளையின் இதயம் துடித்தது. பக்கத்தில் சின்ன இரத்தக்கட்டு. கரைந்துவிடலாம், கவனமாக இருக்கவேண்டும் என்றார் டொக்டர் அம்மா. உங்கள் வைத்தியம் இதை எப்படிப் பார்க்கிறது என்று பிரஷாந்தியிடம் கேட்டார். மண்ணீரலின் சக்தி இரத்தத்தைப் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தின் சக்தி கருவைத் தாங்கும், அவை தளர்ந்தால் இப்படிக் கசியும் என்று சீன வைத்தியத்தில் சொல்வார்களாம். கூச்சமில்லாமல் ஜெர்மனில் விளக்கினாள். டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிரஷாந்தி இப்போது தினமும் வேலை முடிந்து வருகிறாள். டொக்டரைக் கேட்காமல் ஒரு மூலிகையும் கொடுப்பதில்லை. சூடான கஞ்சி வைக்கிறாள். பச்சைத்தண்ணீர் குடிக்கவும் பாரம் தூக்கவும் விடுவதில்லை. நேற்றோடு இரத்தம் நின்றுவிட்டது. றோஷினி சிரித்தாள்.

இன்று பூசை முடிந்ததும், யாரும் கேட்காமலே, என் மகள் சீன வைத்தியர் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளிடம்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வரும்போது குளிர்க்கோட்டைக் கையில் வாங்கி ஆணியில் மாட்டிவிடுகிறேன், அவ்வளவுதான்.

மக்டலின், மடுமாதாவிடம் போகும்போது றோஷினிக்காகவும் வயிற்றுப் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள். அப்படியே, இந்த மனுசனுக்கு வாய் திறக்கட்டும் என்றும் ஒரு வார்த்தை கேள்.

என்றும் உன்,
அம்புறோஸ்