கழிவுப் பெட்டிக்குள் போன கதவு

10 நவ., திங்கள்

மழை. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் பாறைக் கதவின் இடப்பக்கம் மின்னல் மாதிரி ஒரு வெடிப்பு. அடுத்த படத்திலும் அதே வெடிப்பு.

பழைய படங்களைக் காக்கும் இந்த இடத்தில் எனக்கு இது சோதனை வாரம்; தேறினால்தான் வேலை நிலைக்கும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கிடைத்த முதல் வேலை. உரார்ட்டு என்ற பழைய அரசின் மலைக்கோட்டைப் படங்கள், நாலு பெட்டி. துருக்கியின் கிழக்கில், ஏரியைப் பார்த்த குன்றுகள். மதில் போய், அடிக்கல் மட்டும் மிச்சம்.

செய்ய வேண்டியது: தூசு தட்டல், பென்சிலால் எண், பிளாஸ்டிக் உறை. ஒரே படம் இரண்டு இருந்தால் ஒன்று கழிவுப் பெட்டிக்கு. அதில் சேர்ந்ததையெல்லாம் இந்த வெள்ளிக்கிழமை அரைத்துவிடுவார்கள்.

கழித்தவை பதினொன்று. யாருடனும் பேசவில்லை.

11, செவ்வாய்

குளிர். மேற்பார்வை லதா மிஸ், மலேசியத் தமிழ். தேநீர் நேரத்தில் சொன்னார்: அது கதவே இல்லையாம். கதவு மாதிரிப் பாறையில் வெட்டிய மாடம். சாமி அதனூடாக வரும் என்று கும்பிட்டார்களாம். பிற்காலத்தில் புதையல் தேடியவர்கள், பின்னால் அறை இருக்கிறது என்று வெடி வைத்தார்களாம்.

"உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? பாறை. அதுக்கு அப்புறமும் பாறை."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு உறையில் போட்ட படத்தை எடுத்துப் பார்த்தேன். கதவின் நடுவில் கறுப்பாக ஓட்டை, வெடி வைத்த இடம். நிழல் என்று நினைத்திருந்தேன். கழித்த படத்தில் அது இருந்த ஞாபகம் இல்லை; அது வெடிக்கு முன் எடுத்த படம். வெடிப்பை மட்டும் பார்த்து இரண்டும் ஒன்று என்று முடிவு செய்துவிட்டேன். பட்டியலில் தேடினேன். முழுக் கதவுக்கு வேறு படம் இல்லை.

கழிவுப் பெட்டி மிஸ்ஸின் அறையில். பூட்டு.

12, புதன்

மனோர் பார்க் ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு நின்றேன். மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து, வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தார்.

"வாயைப் பொத்திக்கொண்டு இரு பிள்ளை. கல்லுப் படம்தானே, ஆர் தேடப் போகினம்? இதுவும் போச்செண்டால் பிறகு என்ன செய்யப் போறாய்?"

இவள் பள்ளிக்கூடத்திலேயே வாய் திறக்கவில்லை, அங்கே போய்த் திறக்கப் போகிறாளோ என்று அண்ணா. போனிலிருந்து தலை நிமிரவில்லை.

உண்மைதான். பெயர் கூப்பிட்டால்கூட கையைத்தான் உயர்த்துவேன்.

13, வியாழன்

மழை இல்லை. வெளிச்சமும் இல்லை. நாளைவரை ஏன் என்று மிஸ் பெட்டியை வெளியே இழுத்து வைத்தார். இன்றைக்கே ஆள் வந்து எடுத்துப் போவானாம்.

"மிஸ், அதில ஒரு படம் நான் பிழையாப் போட்டிட்டன். அது வேற."

மிஸ் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

"ஆறு மாசக் கழிவு இதுல கலந்து கிடக்கும்மா. நாளைக்கு உன்னைப் பத்தி நான் ரிப்போர்ட் எழுதணும்."

"ஓம் மிஸ்."

தரையில் உட்கார்ந்து பெட்டியைக் கவிழ்த்தேன்.