என் வீட்டுச் சுவரை என் கணவர் இடிப்பதைத் தடுக்கக் கோரி

அனுப்புநர்
வீட்டு உரிமையாளர்,
முனை வீடு, பள்ளிக்கூடத் தெரு.

பெறுநர்
நகராட்சிப் பொறியாளர் அவர்கள்,
கட்டடப் பிரிவு.

பொருள்: என் பெயரிலுள்ள வீட்டில் என் கணவர் பாதுகாப்பின்றி நடத்தும் இடிப்பு வேலையை உடனே நிறுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கூடத்தையும் சமையலறையையும் ஒன்றாக்க, நடுச்சுவரை என் கணவர் இடித்துவருகிறார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கட்டட வேலை அவருக்குக் கைப்பேசியில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். மாடியே அந்தச் சுவரில்தான் நிற்கிறது என்று சொன்ன கொத்தனாரை, "என் வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

2. அடுத்து, பூச்சை உடைக்க ஒரு சித்தாள் பெண்ணை அழைத்துவந்தார். அந்தப் பெண் ஏறி நிற்கச் சாரம் கேட்டார். "இந்தச் சின்ன வேலைக்குச் சாரமா?" என்று சொல்லி, என் கணவர் எங்கள் சாப்பாட்டு நாற்காலிகள் மேல் பலகை போட்டு அவரை ஏற்றிவிட்டார். நாற்காலி சரிந்தது. அந்தப் பெண்ணின் முழங்கை முறிந்தது. நான் அவரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுகையில் என் கணவர் கேட்டது: "பார்த்து நிக்கக் கூடாதாம்மா?" அப்போது ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

3. தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து சொன்னேன். மேற்பார்வையாளர் வந்தார். வாசலைத் தாண்டவில்லை. "சொந்த வீட்டு வேலைதானே, குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்குங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். சொந்த வீடு என்றால் விழுகிறவருக்கு எலும்பு உடையாதா, ஐயா?

4. அந்தச் சிரிப்பை அனுமதியாகவே எடுத்துக்கொண்டு, என் கணவர் இப்போது தாமே இடிக்கிறார். மாடியில் குடியிருக்கும் தையல்காரர் வீட்டுக் கதவு நேற்று முதல் மூட மறுக்கிறது, தரையில் விரிசல். "மரம் உப்பியிருக்கும்" என்கிறார் என் கணவர். தையல்காரரையும் அவர் மனைவியையும் குழந்தையையும் என் தங்கை வீட்டில் தங்க வைத்துவிட்டேன்.

5. வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. ஆகவே நோட்டீஸை என் பெயருக்கே அனுப்புங்கள், கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறேன். அடிபட்ட பெண்ணின் சிகிச்சைக்கும் நானே பொறுப்பு. நான் தப்பிக்க எழுதவில்லை. தாங்கள் நேரில் வந்து, வேலையை நிறுத்தி, மாடிக்கு முட்டுக் கொடுக்க உத்தரவிட வேண்டும். நான் பேசிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். மனைவி சொன்னால் அது முணுமுணுப்பு; முத்திரையுள்ள காகிதம் சொன்னால்தான் அவர் காதில் ஏறும்.

6. அவர் தூங்கும்போது சம்மட்டியை எடுத்துவந்து, இம்மனுவோடு தங்கள் எழுத்தரிடம் ஒப்படைத்திருக்கிறேன். கடைத்தெருவில் வேறொன்று கிடைக்கும். அதை அவர் வாங்கிவருவதற்குள் வந்துவிடுங்கள்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: திங்கட்கிழமை, காலை

இப்படிக்கு,
(கையொப்பம்)
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: சம்மட்டி ஒன்று