கீரை என்று சொல்லிவைத்த காலிஃபிளவர்

ஜனவரி 12, வியாழன்

மேகமூட்டம். கடல் பக்கமிருந்து பிசுபிசுவென்று காற்று. குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு. அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்துவைத்து, குளியலறைக்குப் பின்னால் இருக்கும் தொட்டிக்கு ஊற்றினேன். பூ வந்துவிட்டது! உள்ளங்கை அகலம், நல்ல வெள்ளை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் முழுக்க டிரங்க் கால். காது வலி. பூ வந்ததைப் பக்கத்து போர்டு ஜெசிந்தாவிடம் சொன்னேன். நாற்று கொடுத்தவள் அவள்தான். சொந்த ஊர் மணப்பாடு, சித்தி கொடைக்கானல் மடத்தில் கன்னியாஸ்திரி; நாற்று அங்கிருந்து வந்தது.

"ஏளா, இலையை மேல சேத்துக் கட்டிரு. வெயில் பட்டா மஞ்சளாயிரும். சீக்கிரம் அறுத்துரு, விட்டா விரிஞ்சு போகும்."

வாழைநாரால் கட்டியாயிற்று. பூ வெளியே தெரியவில்லை. அதுவும் நல்லதுக்கே.

ஜனவரி 13, வெள்ளி

டாக்டர்: ரத்தம் குறைவு, காய்கறி நிறையச் சாப்பிடுங்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

காலையில் பல் தேய்க்க வந்த மாமனார் தொட்டியருகே நின்றார்.

"கோமளா, என்ன செடி இது?"

"ஏதோ கீரைப்பா."

மாமியார் இருந்தவரை இங்கிலீஷ் காய் இந்த வீட்டு வாசல்படி தாண்டியதில்லை. கேரட், கோஸ், பீட்ரூட், எதுவும். அவர் போன பிறகும் மாமனார் அப்படியே. என் வீட்டுக்காரருக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான். எனக்குத்தான் நாக்கு. கோயமுத்தூரில் அம்மா மிளகு போட்டு வதக்குவாள், ஓரம் முறுகலாக.

ஜனவரி 16, திங்கள்

நாளை மாமியார் திவசம். வாழைக்காய், புடலை, பாகல், சேப்பங்கிழங்கு, பயத்தம்பருப்பு, எள். மாட்டுக்கு அகத்திக்கீரை; அது தின்றால் போனவருக்கே போய்ச் சேரும் என்பார் மாமனார். லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் முகம் போன போக்கு!

நாளை எல்லாம் முடிந்து மாமனார் படுத்ததும் பூவை அறுக்க வேண்டும். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கினால் புழு மிதந்துவிடும். கொல்லையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். மிளகு, நெய். யாருக்கும் கிடையாது, எனக்கு மட்டும். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜனவரி 17, செவ்வாய்

விடிய விடிய மழை. ஈரப்புடவையோடு அடுப்படியில் தளிகை. புகை. கீரைக்காரி வெறுங்கூடையோடு வந்தாள்.

"அகத்தி வரலைம்மா. வயக்காடெல்லாம் தண்ணி, எவன் பறிப்பான்?"

திவசம் செய்துவைத்த வாத்தியார் கிளம்பிப் போனார். வீட்டுக்காரர் ஒரு மூலையில் சாய்ந்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் மாட்டோடு வாசலில் நிற்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"அகத்தி இல்லேன்னு மனசே சரியா இல்லை கோமளா. நல்ல வேளை, உன் கீரை ஞாபகம் வந்தது. கட்டோட ஒடிச்சுக் குடுத்துட்டேன். ஒரு இலை விடாம தின்னுடுத்து. உள்ளே வெள்ளையா என்னமோ இருந்தது, பூசணம்னு நினைச்சேன். அதைத்தான் முதல்ல தின்னுது!"

"நல்லதுப்பா" என்றேன்.

கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டைத்தண்டு, பக்கத்தில் வாழைநார். அழுதேன். ஒரு காய்க்காக அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதேன். அவ்வளவு அசதி.

ஜனவரி 19, வியாழன்

வெயில். குழாயில் தண்ணீர் வந்தது, ஆறு குடம். ஜெசிந்தாவிடம் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிவைத்துச் சிரித்தாள். பிறகு அவளே, "அழுதியாளா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் வாசலில் பால்காரரின் குரல். "சாமி, மாடு உங்க வாசலை விட்டு நகர மாட்டேங்கு. இழுத்தாலும் வர மாட்டேங்கு. அப்படி என்னத்தக் கொடுத்தீக?"

மாமனார் வெகுநேரம் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். உள்ளே வந்தவர் கண்ணெல்லாம் ஈரம்.

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு போலிருக்கு, கோமளா. அந்தக் கீரையை இன்னும் கொஞ்சம் போடேன். குடத்துத் தண்ணியே விடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போடுகிறேன் என்றேன். ஜெசிந்தாவிடம் நாற்று கேட்க வேண்டும். நடுவதற்கு ஐப்பசி வரை பொறுக்க வேண்டும். இந்தத் தடவை இரண்டு தொட்டி. ஒன்று மாமியாருக்கு.