வெயிலில் மட்டும் சாகும் றவுட்டர்

இன்று காலை ஒரு றவுட்டரின் மூடியைக் கழற்றியதும் கருகிய எறும்பு மணம் குப்பென்று எழுந்தது. வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்து கொடுக்கும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் எப்போதும் ஒரு இளஞ்சூடு இருக்கும். மாரியில் எறும்புக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. மூலையில் பல்லி முட்டையும் இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "வாடகை குடுக்காமல் குடும்பம் நடத்தியிருக்குதுகள்" என்று சொல்லி ஊதித் தள்ளியிருப்பாய். இந்த மணம் வந்தாலே எனக்கு உன்னோடு கதைக்க வேண்டும்போல் இருக்கிறது. இன்று சொல்வதற்கும் நிறைய இருக்கிறது.

கிளிநொச்சியில் கணினி படித்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. படிப்பு முடிந்ததும் நான் மாங்குளத்தில் போட்டோக்கொப்பியும் போன் திருத்தமுமாக ஒரு கடை போட்டேன். நீ உன் ஊரான முல்லைத்தீவிலேயே ஒரு அலுவலக வேலையில் சேர்ந்தாய். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி என் கடைக்கு வருவாய். அப்போது ஒரு இணையக் கம்பனி தன் சேவையை மாற்றியதால் பழைய றவுட்டர்கள் என் கடையில் வந்து குவிந்திருந்தன. ஒன்றிலும் பழுதில்லை. அந்தக் கம்பனியின் இணைப்பைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி உள்ளே இருந்த மென்பொருள் பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"பெட்டியில பிழையில்லை. உள்ளுக்க இருக்கிறதைத்தான் மாத்தோணும்," என்றாய்.

உலகின் பல மூலைகளிலும் இருப்பவர்கள் கூடி, எவரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்து எழுதும் றவுட்டர் மென்பொருள் ஒன்று இருப்பதை நீதான் தேடிப் பிடித்தாய். அது எத்தனையோ மாதிரிகளில் ஓடியது. எங்களிடம் குவிந்திருந்த மாதிரியில் மட்டும் ஓடவில்லை. "அப்ப நாங்கள் ஓட வைப்பம்," என்று தேத்தண்ணிக்குச் சீனி போடுவதுபோலச் சொல்லிவிட்டாய்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஈயம் பற்றவைப்பது, கம்பி இழுப்பது எல்லாம் நான். நிரல் வாசிப்பது நீ. பலகையில் இருந்த சிறு துளைகளில் நான் கம்பிகளைப் பொருத்திக் கணினியோடு தொடுத்தபோது, திரையில் முதலில் ஓடியது வெறும் குப்பை எழுத்து. நீ எழுத்து வரும் வேகத்தை மாற்றினாய், மறுபடியும் குப்பை. இன்னொரு தரம் மாற்றினாய். திடீரென்று முழுச் சொற்கள் வரிவரியாக இறங்கத் தொடங்கின. றவுட்டர் தான் கண்விழிக்கும் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில், கொப்பி எடுக்க வந்து நின்ற மலையகத்து ஐயா திடுக்கிட்டுப்போனார்.

"என்னம்மா, லொத்தர் விழுந்திருச்சா?"

"ஓம் ஐயா, பெரிய லொத்தர்!" என்றாய்.

நாங்கள் எழுதியதை அந்தத் திறந்த மென்பொருளை எழுதும் கூட்டத்துக்கு அனுப்பினோம். ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருந்து அதைச் சரிபார்த்தவர் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார். இங்கே ஒரு பெயர் சரியில்லை, அங்கே ஒரு இடைவெளி கூடிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. உனக்கோ கொண்டாட்டம். "ஒரு இடைவெளிக்காகத் திருப்பி அனுப்பிறார் எண்டால், மனுசன் எங்கட ஒவ்வொரு வரியையும் வாசிச்சிருக்கிறாரடி!" கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் இருவர் பெயரோடும் அது வெளியே போனது. குவியலில் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று மாங்குளம், கனகராயன்குளம் வீடுகளுக்குப் போயின.

பிறகுதான் முறைப்பாடுகள் வந்தன. அதே றவுட்டர் வேறு நாடுகளிலும் வேறு பெயர்களில் விற்பனையாகியிருந்தது. எங்கள் மென்பொருளைப் போட்ட சிலருக்குப் பெட்டி திடீரென்று செத்து, பிறகு தானாக எழும்புகிறதாம். சரிபார்ப்பவர் தன் அறையில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. எந்நேரமும் காற்றாடி சுழலும் என் கடையிலும் நடக்கவில்லை. பிழையைத் திருத்த முடியாவிட்டால் அடுத்த பதிப்பில் இந்த மாதிரியையே நீக்கிவிட வேண்டிவரும் என்று எழுதினார்.

நான் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ முறைப்பாடு எழுதியவர்களைப் பார்த்தாய். ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எந்த நேரம் என்று கேட்டாய். எல்லாரும் வெயில் நாட்டுக்காரர். எல்லாருக்கும் மத்தியானம்.

அது சித்திரை மாதம். கடற்கரையில் உன் மாமா வலை வைக்கிற தகரக்கொட்டிலுக்குள் ஒரு றவுட்டரைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தாய். உச்சி வெயிலில் எனக்குப் போன் வந்தது.

"செத்திட்டுதடி! வடிவாச் செத்திட்டுது!"

பின்னால் உன் மாமாவின் குரல் கேட்டது. "விசர்ப் பெட்டை, செத்ததுக்கு ஆரும் சிரிப்பினமோ?"

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பிடிபடாத பிழை பிடிபட்டுவிட்டது. குளிர்நாட்டு அறைகளில் ஒளித்திருந்ததை முல்லைத்தீவு வெயில் வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. சூட்டில் ஏதோ தடுமாறுகிறது. அது எது என்று தேட வேண்டியதுதான் மிச்சம். அதன்பின் வந்த மாதங்கள் முழுக்க நிரலுக்குள்ளேயே இருந்தாய்.

மாரி தொடங்கியதும் உனக்குக் காய்ச்சல் வந்தது. முல்லைத்தீவில் இருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நான் வந்து நின்றபோது, "நினைவகத்தைப் பாரடி, அதிலதான் சந்தேகம்," என்றாய். "முதல்ல எழும்பு, பிறகு பாப்பம்," என்றேன். நீ எழும்பவில்லை.

உன்னைக் கடற்கரைக் கோயில் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தபின் அந்தக் கணினியை நான் திறக்கவே இல்லை. தை பிறந்த பிறகு ஒரு நாள் திறந்தேன். நீக்கப்படும் மாதிரிகளின் வரிசையில் எங்களுடையதும் இருந்தது. பொறுப்பாளர் எவரும் பதில் தரவில்லை என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியாது. "நான் இருக்கிறேன்" என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். எனக்கு இந்த நிரலை வாசிக்கத் தெரியாதே!

படித்தேன். கடையில் ஆளில்லாத பொழுதெல்லாம், நீ செய்வதுபோல ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்தேன். கம்பனி போட்டிருந்த பழைய மென்பொருள் நினைவகச் சில்லை மெதுவாக ஓட்டியிருந்தது. எங்களுடையது வேகமாக ஓட்டியது. உன் சந்தேகம் சரி. அந்த வேகத்தைக் குறிக்கும் ஒரேயொரு எண்தான். அதைக் குறைத்தேன். ஆனால் பரிசோதிக்க வெயில் இல்லை. வெளியே பனியும் மூட்டமும். பக்கத்து அழகுநிலைய அக்காவிடம் போய்த் தலை உலர்த்தும் மெசினைக் கேட்டேன்.

"என்ன பிள்ளை, றவுட்டருக்குத் தலை காயவைக்கப் போறீரோ?"

"ஓம் அக்கா. வந்து பாருங்கோவன்!"

வந்தா. திருத்தத்துக்கு முந்திய எங்கள் மென்பொருள் போட்ட பெட்டிக்குச் சூடு காட்டினோம். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. திருத்தியது போட்ட பெட்டிக்குக் காட்டினோம். விளக்கு அணையாமல் நின்றது. அக்காவே மெசினை வாங்கி இன்னும் கிட்டப் பிடித்தா. நின்றது! பிளாஸ்டிக் இளகுகிற மணம் வந்தது, ஆனாலும் நின்றது! "ஐயோ, காணும் அக்கா, நிப்பாட்டுங்கோ!" என்று நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அவாவும் ஏன் என்று தெரியாமலே அழுதா.

திருத்தத்தை அனுப்பும்போது, பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். சரிபார்ப்பவர் வழக்கம்போல ஒரு இடைவெளியைச் சுட்டிக்காட்டிவிட்டு, இவரிடம் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்த முடியுமா என்று எழுதினார். நீ இல்லை என்று பதில் போட்டேன். மறுநாள் ஒரு வரி வந்தது: "அவருடைய பெயர் அப்படியே இருக்கட்டும், இங்கே சேர்ந்த எதையும் நாங்கள் அழிப்பதில்லை." எங்கள் மாதிரி நீக்கப்படவில்லை. புதிய பதிப்பு நேற்று வெளிவந்தது. எந்த நாட்டில் எவர் அந்த நிரலைப் பிரதி எடுத்தாலும், உன் பெயரும் கூடவே போகிறது.

இப்போது அதன் பொறுப்பாளர் நான்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு புது முறைப்பாடு வந்து விழுந்திருக்கிறது: யாரோ ஒருவருக்கு மழை பெய்தால் மட்டும் இணைப்பு அறுகிறதாம். முந்தி என்றால் கணினியை மூடிவிட்டு எழும்பியிருப்பேன். இப்போது அப்படியில்லை. நெஞ்சு துள்ளுகிறது, கை பரபரக்கிறது. இது என் குணமில்லை, உன்னிடம் இருந்து தொற்றியது. முதல் வேலையாக, அவர் எந்த ஊர் என்று கேட்டு எழுதப்போகிறேன்.